பிள்ளை வரமும் தைராய்டு மாத்திரையும்

(களம்பூரில் நெசவாளர் தெருவில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பொதுக்கூட்டத்தில் பேசத்தக்கதல்ல என்று உங்களில் சிலருக்குத் தோன்றக்கூடும். கல்யாணமாகி மூன்று வருஷம் நான்கு வருஷம் ஆகியும் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை உண்டாகவில்லை என்றால், அது அந்த வீட்டுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி; அதைத் தெருவில் மேடை போட்டுப் பேசலாமா என்று கேட்கலாம். அது வீட்டுக்குள்ளேயே இருக்கிற சங்கதியாயிருந்தால் நாமும் பேச வந்திருக்க மாட்டோம். ஆனால் நடப்பது என்ன? கல்யாணமான ஆறாம் மாதமே, "இன்னும் ஒன்றும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பது தெரு. வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்லுவது தெரு. இரண்டு வருஷம் போனால் "மலடி" என்று பட்டம் கட்டுவதும் தெருவேதான். பட்டம் கட்டுவதைத் தெருவில் செய்யலாம், அது நியாயமா அல்லவா என்று பேசுவதை மாத்திரம் தெருவில் செய்யக் கூடாது என்றால் அது என்ன நீதி? ஆகவேதான் பேசுகிறோம்.

பிள்ளை உண்டாகாமைக்குக் காரணங்கள் பல. அவை எல்லாவற்றையும் சொல்ல ஒரு கூட்டம் போதாது. ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறோம். அது தைராய்டு என்னும் சுரப்பி குறைவாக வேலை செய்வது. ஏன் இதை எடுத்துக்கொண்டோம் என்றால், இது அபூர்வமான நோய் அல்ல. சென்னை உள்பட இந்தியாவின் 8 பெரிய நகரங்களில் 5,000-க்கு மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 100-க்கு ஏறக்குறைய 11 பேருக்கு இந்தக் குறைவு இருக்கக் கண்டார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடக்கூடியது. ஒரு நாளைக்கு ஒரு டீயின் விலைகூட ஆகாத மாத்திரையால் சரிப்படுத்தக்கூடியது. இவ்வளவு சுலபமான ஒன்றுக்காக நம் பெண்கள் படுகிற அவமானமோ அளவில்லாதது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் ஜனங்கள், "அவளுக்குத் தைராய்டு இருக்கிறதாம்" என்று காதோடு காதாகச் சொல்லுகிறார்கள். தோழர்களே! தைராய்டு உங்களுக்கும் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது, அப்படிச் சொல்லுகிற அத்தைக்கும் இருக்கிறது. இல்லாமற்போனால்தான் ஆபத்து. "அவனுக்கு ஈரல் இருக்கிறதாம்" என்று யாராவது ரகசியம் பேசுகிறார்களா? கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு சிறு சுரப்பிதான் தைராய்டு. நாம் உண்ணும் உணவிலும் உப்பிலும் உள்ள அயோடின் என்னும் சத்தைக்கொண்டு அது தைராக்சின் என்கிற ஒரு ரசத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. உடம்பின் சூடு, இருதயத்தின் துடிப்பு, குடலின் ஓட்டம், மூளையின் சுறுசுறுப்பு, பெண்களின் மாதவிடாய் ஆகிய எல்லாம் கிரமமாக நடப்பதற்கு அந்த ரசம் வேண்டும்.

அந்த ரசம் குறைந்தால் என்ன ஆகும்? எப்போதும் அசதி, தூக்கம் தூக்கமாக வரும், உடம்பு கனக்கும், முகம் ஊதினாற்போல் இருக்கும், முடி கொட்டும், குளிர் தாங்காது, மலச்சிக்கல், மறதி எல்லாம் வரும். எல்லோருக்கும் எல்லாம் வராது. சிலருக்கு ஒன்றுமே வெளியில் தெரியாது. ஆனால் ஒரு மருமகளுக்கு இவை வந்தால் நம் வீடுகளில் என்ன பெயர் வைக்கிறோம்? "சோம்பேறி" என்கிறோம். "தின்று தின்று பெருத்துவிட்டாள்" என்கிறோம். அவள் உடம்பு குறைவைச் சொல்லிக் கதறுகிறது. நாமோ அவள் குணத்தைக் குற்றம் சொல்லுகிறோம்.

இனி, ரத்தத்தைப் பரீட்சை செய்த சீட்டில் டி.எஸ்.எச். என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். அது அதிகமாயிருந்தால் தைராய்டு குறைவு என்பார் வைத்தியர். "அதிகம் என்று எழுதியிருக்கிறது, இவர் குறைவு என்கிறாரே" என்று பலர் குழம்பிப் போகிறார்கள். நெசவுத் தெருவில் இருக்கிற உங்களுக்கு இது விளங்குவது கஷ்டமல்ல. தறியில் உட்கார்ந்து நெய்கிறவர், நாடாவில் இருக்கிற தார் தீர்ந்துபோனால் பக்கத்தில் தார் சுற்றுகிறவரைப் பார்த்து, "தார் கொடு, தார் கொடு" என்று சத்தம் போடுகிறார். தார் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் சத்தமே இல்லை. வருவது குறையக் குறையச் சத்தம் ஏறுகிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தறிக்காரர். தைராய்டுதான் தார் சுற்றுகிறவர். டி.எஸ்.எச். என்பது அந்தச் சத்தம். சத்தம் அதிகம் என்றால் தார் குறைவு என்று அர்த்தம். இவ்வளவுதான் சங்கதி.

சரி, கழுத்தில் உள்ள குறைவுக்கும் கர்ப்பத்திற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மாதாமாதம் ஒரு பெண்ணின் சினைப்பையிலிருந்து ஒரு முட்டை வெளிப்பட வேண்டும். அதை நடத்துவிக்கிற உத்தரவும் மூளைக்கு அடியில் இருக்கிற அதே பிட்யூட்டரியிலிருந்துதான் வரவேண்டும். தைராய்டு ரசம் குறைந்தால் இந்த ஏற்பாடு தடுமாறிப் போகிறது. சிலருக்குப் பால் சுரக்கச் செய்கிற புரோலாக்டின் என்னும் ரசம் அதிகமாகிவிடுகிறது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறதல்லவா, அதுபோல் இவளுக்கும் முட்டை வெளிப்படுவது தடைப்பட்டுப் போகிறது. மாதவிடாய் சிலருக்குத் தள்ளித் தள்ளி வருகிறது. சிலருக்கு அளவுக்கு மிஞ்சிப் போகிறது. கர்ப்பம் உண்டானாலும் கலைந்துபோகிற அபாயம், குறைவைக் கவனியாதவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

உங்கள் ஊர் ரயில் நிலையத்தையே பாருங்கள். பெயர்ப் பலகையில் "ஆரணி ரோடு" என்று போட்டிருக்கிறது, இறங்கினால் களம்பூர். அதுபோலவே இந்தப் பெண்ணின் மேல் ஊரார் மாட்டியிருக்கிற பலகை "கர்ப்பப்பைக் குற்றம்" என்பது. இறங்கிப் பார்த்தால் குற்றம் கர்ப்பப்பையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. பலகையை மட்டும் படித்துவிட்டு வண்டியை விட்டு இறங்காமலே தீர்ப்புச் சொல்லுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

இந்தக் குறைவு ஏன் வருகிறது? முன் ஜென்ம பாபத்தால் அல்ல. நாகத்தை அடித்த தோஷத்தாலும் அல்ல. அயோடின் போதாத இடங்களில் அதனால் வருகிறது. அயோடின் கிடைக்கிற இடங்களில் பெரும்பாலும், நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே தவறிப்போய்த் தன் சொந்தத் தைராய்டை அழிப்பதால் வருகிறது. 1912-ல் ஜப்பான் தேசத்து வைத்தியர் ஹஷிமோட்டோ என்பவர் இந்த மாதிரி கெட்டுப்போன சுரப்பிகளை ஆராய்ந்து எழுதினார். அவர் பெயரே இந்த நோய்க்கு வழங்கி வருகிறது. அவர் ஜாதகம் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

மருந்து வந்த கதையையும் கேளுங்கள். 1891-ல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் ஜார்ஜ் மர்ரே என்னும் இளம் வைத்தியர், தைராய்டு அடியோடு கெட்டுப்போய் முகமும் உடலும் வீங்கிக் கிடந்த 46 வயதுள்ள ஒரு பெண்ணுக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார். அந்த அம்மாள் பிழைத்து எழுந்து, அதன் பிறகு 28 வருஷம் வாழ்ந்து 74-ம் வயதில்தான் இறந்தார். அடுத்த வருஷமே ஊசி வேண்டியதில்லை, ஆட்டுத் தைராய்டைத் தின்னக் கொடுத்தாலே போதும் என்று கண்டார்கள். 1914-ல் அமெரிக்காவில் கெண்டல் என்பவர் அந்தச் சுரப்பியிலிருந்து தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-ல் இங்கிலாந்தில் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ரசாயனச் சாலையிலேயே செய்து காட்டினார்கள். இன்று நம் மருந்துக்கடைகளில் விற்கிற மாத்திரை அதுதான். உடம்பு செய்ய வேண்டியதும் செய்யத் தவறியதுமான அதே பொருளை வெளியிலிருந்து கொடுக்கிறோம். பாக்கி வைத்த கூலியைக் கொடுப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். இதில் என்ன விஷம் இருக்கிறது? என்ன சூடு இருக்கிறது?

நிற்க, நம் ஜனங்கள் வேறொரு மருந்தை நம்பியிருக்கிறார்கள். இங்கிருந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆரணிப் புதுக்காமூரில் புத்திரகாமேட்டீஸ்வரர் என்று ஒரு சாமி இருக்கிறார். தசரத மகாராஜா பிள்ளை வேண்டி யாகம் செய்தது அந்த இடத்திலேதான் என்று தலபுராணம் சொல்லுகிறது. பிள்ளையில்லாதவர்கள் அங்கே போகிறார்கள். அங்கே போகிற பெண்களை நாம் பரிகாசம் செய்ய வரவில்லை. வேறு வழி யாரும் காட்டாதபோது, ஏச்சுப் பொறுக்க முடியாமல் கண்ணீரோடு போகிறவர்களைப் பரிகாசம் செய்பவன் மனிதன் அல்ல. ஆனால் அந்தக் கதையை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தசரதனுக்குப் பட்டத்து மனைவிகள் மூன்று பேர். மூன்று பேருக்கும் பிள்ளை இல்லை. ஒருத்திக்கு இல்லையென்றால் அவள்மேல் சந்தேகப்படலாம். மூன்று பேருக்கும் இல்லையென்றால் சந்தேகம் யார்மேல் போகவேண்டும்? இதைக் கேட்பதற்கு வைத்தியம் படிக்க வேண்டியதில்லை. விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். அப்படியிருந்தும் பாயசத்தைக் குடித்தவர்கள் யார்? மூன்று பெண்கள்! ராஜாவுக்கு ஒரு கரண்டிகூடக் கொடுத்ததாகக் கதை இல்லை. அன்று முதல் இன்றுவரை பிள்ளையில்லாத வீட்டில் மருந்து தின்பது பெண், மண்சோறு தின்பது பெண், அரசமரம் சுற்றுவது பெண், பட்டினி கிடப்பது பெண். புருஷனோ காசு கொடுத்து அனுப்பிவைக்கிற பெரிய மனிதர்! "மலடி" என்ற சொல் தெருவெல்லாம் கிடக்கிறது. "மலடன்" என்ற சொல் அகராதியில் இருக்கலாம். யாருடைய வாயிலாவது கேட்டிருக்கிறீர்களா?

"வேண்டிக்கொண்டவர்களுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதே! மரத்தில் எத்தனை தொட்டில் கட்டியிருக்கிறது பாருங்கள்!" என்று சிலர் சொல்லுவார்கள். தொட்டில்களை நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் பிறக்காதவர்கள் கட்டிய தொட்டில் எங்கே? அவர்கள் வந்து கட்டுவதில்லை. ஆகையால் கணக்கில் வருவதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கை நம் நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தில் யாராவது ஒப்புக்கொள்ளுவார்களா? இன்னொன்றையும் கேளுங்கள். பிள்ளைக்கு முயலுகிற 100 தம்பதிகளில் சுமார் 85 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் கர்ப்பம் உண்டாகிறது. மிச்சம் உள்ளவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டாம் வருஷத்தில் மருந்தும் மந்திரமும் இல்லாமலே உண்டாகிறது. அந்த இரண்டாம் வருஷத்தில் அவர்கள் எந்தச் சாமியை வேண்டிக்கொண்டிருந்தாலும் அந்தச் சாமிக்குப் பெயர். தாயத்துக் கட்டினவனுக்கும் பெயர். "தைராய்டை அடியோடு ஒழிக்கும் பொடி" என்று கைப்பேசியில் விளம்பரம் செய்து விற்கிறவனுக்கும் பெயர்.

உண்மையைச் சோதிக்கிற வழி எது என்று கேட்டால், நம் தேசத்திலேயே அதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. இமயமலைச் சாரலில் காங்ரா என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே கழுத்துக்கழலை ஏராளம். டாக்டர் ராமலிங்கசுவாமி என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1956-ல் அங்கே ஒரு பரீட்சை தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பாகமாகப் பிரித்து, இரண்டு பாகத்துக்கு அயோடின் சேர்த்த உப்பும் நடுவில் ஒரு பாகத்துக்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில வருஷம் சென்று எண்ணிப் பார்த்தபோது, அயோடின் உப்புப் போன இடங்களில் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்புப் போன இடத்தில் குறையவில்லை. பிறகு அந்த இடத்துக்கும் அயோடின் உப்புக் கொடுத்தார்கள், அங்கேயும் குறைந்தது. இதற்குப் பெயர் பரீட்சை. குணமானவனையும் எண்ணினார்கள், குணமாகாதவனையும் எண்ணினார்கள். சாமியாருக்கும் விஞ்ஞானிக்கும் உள்ள வித்தியாசம் காவியிலும் கால்சட்டையிலும் இல்லை. இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அந்த உப்புதான் இன்று உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. ஆனால் சுரப்பியே கெட்டுப்போனவர்களுக்கு உப்பு மட்டும் போதாது, மாத்திரைதான் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பக்கத்திலேயே நாம் அறிந்த ஒரு நெசவுக் குடும்பத்தின் சங்கதியைச் சொல்லுகிறோம். பெயரும் ஊரும் சொல்லமாட்டோம். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அது இன்னொரு தண்டனை. கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தியே அவளுக்குத் தைராய்டு குறைவு என்று கண்டு, தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். பெண் பார்க்க வந்தபோது அவள் தாயார், "மாத்திரை சாப்பிடுகிற சங்கதி வெளியில் தெரிந்தால் யார் கட்டிக்கொள்ளுவார்கள்?" என்று மறைத்துவிட்டாள். புகுந்த வீட்டில் டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். ஆள் இல்லாத சமயம் பார்த்துச் சாப்பிடுவாள். சமயம் வாய்க்காவிட்டால் சாப்பிடமாட்டாள். வாரத்துக்கு ஏழு மாத்திரை நாலாயிற்று, மூன்றாயிற்று. கடைசியில் மாமியார் கண்டுபிடித்தார். "நோயாளியைத் தலையில் கட்டிவிட்டார்களே" என்று ஒரே கூச்சல். குறி சொல்லுகிற ஒருவன், "இங்கிலீஷ் மருந்தின் சூட்டினால்தான் கரு தங்கவில்லை, மருந்தை நிறுத்திவிட்டு 48 நாள் விரதம் இருக்கட்டும்" என்றான். நிறுத்தினார்கள்.

48 நாள் 8 மாதமாயிற்று. முகம் ஊதிப்போய், பாவு பிணைக்க உட்கார்ந்தால் அப்படியே கண்ணயர்ந்துவிடுவாள். மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தது. சில நாள் தள்ளிப்போகும்போதெல்லாம் கர்ப்பம் என்று சந்தோஷப்படுவார்கள், பிறகு ஏசுவார்கள். மகனுக்கு இரண்டாந்தாரம் பார்க்கலாம் என்று பேச்சு எழுந்தது. அந்த வீட்டில் யோசனை உள்ள ஆள் ஒருத்திதான். வேறு ஊரில் நர்சு வேலை பார்க்கிற நாத்தனார். அவள் பொங்கலுக்கு வந்தவள் பார்த்துவிட்டுத் தாயாரிடம், "அம்மா, உன் மருமகளுக்குப் பிள்ளை இல்லை என்று அழுகிறாயே, முதலில் அவள் உயிரோடு இருக்கவேண்டாமா?" என்று கேட்டு, அண்ணனையும் அண்ணியையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மாத்திரை மறுபடி ஆரம்பமாயிற்று. இரண்டு மாதத்தில் அவள் முகம் அவள் முகமாயிற்று. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அண்ணனையும் வைத்தியர் சோதித்தார்.

"பிறகு பிள்ளை பிறந்ததா?" என்று கேட்கத் துடிக்கிறீர்கள். அதை நாம் சொல்லப் போவதில்லை. ஏனெனில், பிறந்தது என்று சொன்னால் "அப்பாடா, அவள் தப்பித்தாள்" என்பீர்கள். பிறக்கவில்லை என்று சொன்னால் "ஐயோ பாவம், அவ்வளவும் வீண்" என்பீர்கள். இரண்டிலும் அவளுடைய உயிருக்கும் சுகத்துக்கும் மதிப்பு இல்லை. அவள் தன் உடம்பைத் திரும்பப் பெற்றாள். அதுவே ஒரு முழு லாபம் என்று எண்ணுகிற யோக்கியதை நமக்கு வரவேண்டும்.

தாய்மார்களே! இனி நடைமுறைக்கு வேண்டிய சில காரியங்களைச் சொல்லுகிறோம், கவனமாய்க் கேளுங்கள்.

மாத்திரையைக் காலையில் எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியோ டீயோ பலகாரமோ கூடாது. இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் இது உடம்பில் சேராது. நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் சென்று மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். நாலு நாளில் பலன் தெரியவில்லையே என்று நிறுத்தக் கூடாது. பிள்ளைக்கு முயலுகிறவர்களுக்கு டி.எஸ்.எச். கணக்கு 2.5-க்குக் கீழே இருக்கும்படி வைத்தியர்கள் பார்த்துக்கொள்ளுகிறார்கள். ஆகையால் முயலுவதற்கு முந்தியே சோதித்துக்கொள்ளுவது நல்லது. குறைவு மிகவும் லேசாக இருந்தால் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி சாப்பிடுகிறாள் என்று அவள் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதும் ஒருவகை மூடநம்பிக்கையே.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. கர்ப்பம் என்று தெரிந்தவுடன், "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை ஆகாது" என்று பெரியவர்கள் நிறுத்தச் சொல்லுகிறார்கள். இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. வயிற்றிலுள்ள சிசுவின் சொந்தத் தைராய்டு மூன்றாம் மாத முடிவில்தான் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அதுவரையில் அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ரசம் தாயின் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். தாய்க்கே போதாதபோது மாத்திரையையும் பிடுங்கிக்கொண்டால் சிசு எதைக்கொண்டு வளரும்? நிறுத்துவதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டிய காலம் அது. வாரத்துக்கு 7 மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 9 ஆக்குகிற வைத்திய முறைகூட உண்டு. ஆகையால் நாள் தள்ளிப்போனால், சுபதினம் பார்த்துக்கொண்டிராமல் அந்த வாரமே வைத்தியரிடம் போய் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிக் கர்ப்பகாலம் வரை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இந்திய சர்க்கார் 2014-ல் வெளியிட்ட விதிமுறைகளிலேயே, பிள்ளைப்பேறு தாமதமானவர்களும் அடிக்கடி கரு கலைந்தவர்களும் கர்ப்பமானால் தைராய்டைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது உங்கள் பாத்தியதை. யாருடைய தயவும் அல்ல.

ஆண் தோழர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையில்லாத குடும்பங்களில் ஏறக்குறையப் பாதியில், ஆண் பக்கத்துக் குறை தனியாகவோ பெண் பக்கத்துக் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது. ஆண்களுக்கும் தைராய்டு குறைகிறது. அது அவர்கள் விந்தையும் பாதிக்கக்கூடும். பெண்ணுக்கு ஊசி, ஸ்கேன், ரத்தம் என்று பத்துப் பரீட்சை செய்கிறோம். ஆணுக்கு ஒரு சிறு கிண்ணத்தில் ஒரே பரீட்சை. அதற்குப் போக வெட்கமாம்! மீசைக்குக் கேவலமாம்! துணியில் குற்றம் வந்தால் பாவையும் பார்க்கிறோம், ஊடையையும் பார்க்கிறோம். ஊடையைப் பார்க்காமலே பாவு கெட்டது என்று சொல்லுகிறவனை நெசவாளி என்று நீங்கள் ஒப்புக்கொள்ளுவீர்களா?

இரண்டாந்தாரம் பேசுகிற மாமனார் மாமியாருக்கும் சொல்லுகிறோம். 1949-லேயே சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்துச் சட்டம் செய்தாயிற்று. 1955-ல் இந்து விவாகச் சட்டமும் அதைச் சொல்லிற்று. முதல் மனைவி இருக்க இரண்டாவது கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. கட்டினவனுக்குச் சிறையும் உண்டு. பிள்ளை பெறாமை அந்தச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமாகச் சொல்லப்படவும் இல்லை. சட்டம் இருக்கட்டும், குறை உங்கள் மகனிடத்தில் இருந்தால் இரண்டாவது வருகிறவளையும் அல்லவா மலடி ஆக்குவீர்கள்?

சிலர் நம்மை ஒரு கேள்வி கேட்கிறார்கள். "1930-களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசிய இயக்கத்தார் நீங்கள், இப்போது பிள்ளை பெறுவதற்கு வழி சொல்லுகிறீர்களே, இது முரண் அல்லவா?" என்கிறார்கள். முரண் ஒன்றும் இல்லை. வேண்டாதவள் பெறாமலிருக்க உரிமை வேண்டும் என்று சொன்னது எதற்காகவோ, அதற்காகவேதான் வேண்டுகிறவள் பெறுவதற்கு வழி வேண்டும் என்றும் சொல்லுகிறோம். இரண்டிலும் உடம்பு அவளுடையது. முடிவும் அவளுடையதாயிருக்க வேண்டும். அன்றியும், எல்லா வைத்தியமும் செய்துங்கூடச் சிலருக்குப் பிள்ளை இல்லாமற்போகலாம். விஞ்ஞானம் எல்லோருக்கும் பிள்ளை கொடுத்துவிடும் என்று நாம் சொன்னால் நாமும் ஒரு பூசாரியாகிவிடுவோம். அப்படிப்பட்டவர்கள் ஒரு குழந்தையைத் தத்து எடுத்து வளர்க்கலாம். இரண்டு பேராகவே சுகமாக வாழலாம். பிள்ளை பெறுவதற்கென்றே பெண் பிறந்தாள் என்பது, பால் கறப்பதற்கென்றே வாங்கிய மாட்டைப் பற்றிப் பேசுகிற பேச்சே தவிர மனுஷியைப் பற்றிப் பேசுகிற பேச்சல்ல.

ஆகவே தோழர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். "மலடி" என்கிற சொல்லை உங்கள் வாயிலிருந்தும் உங்கள் வீட்டிலிருந்தும் தள்ளிவிடுங்கள். ஒரு வருஷம் முயன்றும் உண்டாகாதவர்கள், 35 வயதைக் கடந்த பெண்ணாயிருந்தால் ஆறு மாதம், மாதவிடாய் கிரமம் தவறியிருந்தாலோ முன்பே தைராய்டு குறைவு என்று தெரிந்திருந்தாலோ அந்தக் கெடுவும் பாராமல், புருஷனும் பெண்ஜாதியுமாக இரண்டு பேரும் சேர்ந்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்றாவது, உங்கள் வீட்டு மருமகள் மாத்திரை சாப்பிடுகிறவளாயிருந்தால், அந்த டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளிக்காமல் எல்லோரும் பார்க்கிற மாடத்தில் வைக்கச் சொல்லுங்கள். காலையில் அவள் மறந்தால் மாமியாரே எடுத்துத் தண்ணீரோடு கொடுக்கட்டும். வரம் கொடுப்பதாகச் சொல்லுகிற எந்தச் சாமியும் செய்யாத உபகாரத்தை அந்த மாமியார் செய்தவராவார்.